பெயரை எடுத்துவிட்டால் போதுமா? எழுதியவர்களும் எழுதப்பட்டவர்களும்

குடமுருட்டிக் கரை, வலங்கைமான் பக்கம்

சொந்த வாழ்க்கையை எழுதுகிறவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்கிறார்கள். நான் எழுதப்பட்டவளின் பக்கத்தைச் சொல்கிறேன்.

திருமணம் முறிந்து நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில், எங்கள் உறவில் ஒருவர் அதைக் கட்டுரையாக எழுதினார். இரக்கத்தோடுதான் எழுதினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பெயர் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. ஆனால் மடவிளாகத்தில் கடைசி வீடு, வாசலில் பன்னீர் மரம், நெல் மண்டியில் கணக்கு எழுதும் அப்பா என்று மற்ற எல்லாம் இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

மாவு மில்லில் அரிசியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் தூக்கை இறக்கிவைத்த அம்மாள் ஒருவர், "பன்னீர் மரத்து வீட்டுப் பெண் நீதானே?" என்று கேட்டார். மில் ஓடும் சத்தத்தில் என் காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னும் உரக்கக் கேட்டார். நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்ததை மூடி மறைக்க நான் விரும்பியதில்லை. ஆனால் அப்பா ஏன் வருவதில்லை என்பது என் மகனுக்கு அப்போது தெரியாது. அவனிடம் முதலில் சொல்ல வேண்டியவள் நான். பள்ளிக்கூட வேனில் யாரோ சொல்லிவிட்டார்கள். மற்றதெல்லாம் ஆறிவிட்டது, இது ஆறவில்லை.

மன்னார்குடி, தமிழாசிரியர்

பன்னீர் மரம் என்று படித்ததும் எனக்கு வேம்பு நினைவுக்கு வந்தது. காதலைப் பாடும் அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நக்கீரர் பாடிய சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் எந்தப் பெயரும் கிடையாது. பிரிவில் வருந்திக் கிடக்கும் அரசி ஒருத்தி, நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துவரும் அரசன் ஒருவன், அவ்வளவுதான். ஆனால் முன்னால் போகிறவனின் வேலில் வேப்பந்தழை கட்டியிருந்ததாக நக்கீரர் சொல்லிவிட்டார். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒன்றினால் பாட்டு அகம் ஆகாமல் போயிற்று என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார்.

மாணவர்கள் வீட்டு விஷயங்களை எழுதிக்கொண்டு வரும்போது நான் பெயர்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மரம், தெரு, தொழில், வண்டியின் நிறம் இவற்றைத்தான் வட்டமிட்டுக் கொடுக்கிறேன்.

பேராவூரணி, தென்னை விவசாயி மகன்

ஐயா சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் வட்டமிட்டு எடுத்துவிட்டால் எழுத என்ன மிஞ்சும் என்பதும் என் கவலை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் எங்கள் தோப்பு விழுந்தது. நெட்டைத் தென்னையை மறுபடி வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தில் அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார், சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். விழுந்த மரங்களின் கணக்கை எல்லோரும் எடுத்தார்கள். இதை யாராவது எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எழுதி முடித்து இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா கீற்று முடைந்துகொண்டே கேட்டார். சங்கிலியை அடகு வைத்த இடம் வந்தது. "என் கழுத்தில் கிடந்ததுதானே, எழுதிக்கொள்" என்றார். சொந்தக்காரர் ஒருவரிடம் கைமாற்றுக் கேட்டு வெறுங்கையோடு திரும்பிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. "அவர்கள் தோப்பும்தானே விழுந்தது? இல்லாதவர்கள் எங்கிருந்து கொடுப்பார்கள்? எடுத்துவிடு." எடுத்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த பத்தி அது. கோபத்தில் எழுதியது.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மாத்திரைப் பெயர் வேண்டாம். மற்றது இருக்கட்டும். நம் தெருவிலேயே மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்" என்றார்.

மயிலாடுதுறை, வழக்கறிஞர்

"உண்மையைத்தானே எழுதினேன்" என்று என்னிடம் வந்து சொல்கிறவர்கள் உண்டு. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. மரண தண்டனைக் கைதி ஒருவர் எழுதிய தன் வரலாற்றைத் தமிழ் இதழ் ஒன்று வெளியிட முனைந்ததில் எழுந்த வழக்கு அது. ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. எழுதியது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா கண்டனமா என்பது பொருட்டில்லை. பொது ஆவணங்களில் உள்ளதை எழுதத் தடையில்லை. அரசு அதிகாரிகள் தங்கள் பணியில் செய்ததை எழுதவும் இடமுண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே அறிவித்துவிட்டது.

திருத்துறைப்பூண்டி

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு பயம் வருகிறது. வாயை மூடு என்று சொல்ல நினைக்கிறவர்கள் இதையே பிடித்துக்கொள்வார்கள். நான் சாதி மாறித் திருமணம் செய்துகொண்டவள். புகுந்த வீட்டில் எனக்குத் தனித் தட்டு, கொல்லைப்புறத்தில் சாப்பாடு. அதை எழுதியபோது, "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவரலாமா?" என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டார்கள். அந்தத் தட்டை வைத்தவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எனக்கு நடந்ததைச் சொல்ல அவர்கள் சம்மதம் எதற்கு?

நாத்தனாரிடம் மட்டும் கேட்டேன். யாருக்கும் தெரியாமல் மீன் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். அவரைப் பற்றி நல்லதைத்தான் எழுத முடியும். ஆனால் அவர் இன்னமும் அதே வீட்டில் இருக்கிறார், அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். "கல்யாணம் முடியட்டும், பிறகு என் பெயரைப் போட்டே எழுது" என்றார். மற்றதெல்லாம் அச்சில் வந்துவிட்டது. அந்தப் பகுதியை எழுதி நோட்டில் வைத்திருக்கிறேன்.