பிளேட்லெட் பார்த்த நாட்களும் ஒரு லேப் அக்காவும்

போன ஐப்பசி மழையில் என் ஐந்து வயது மகளுக்கு டெங்கு. பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) இறங்குகிறதா என்று பார்க்க தினமும் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நான் காலைப் பிடிக்க, அவள் அப்பா தோளை அமுக்க, நரம்பு கிடைக்காமல் இரண்டு குத்து. "எறும்பு கடிக்கிற மாதிரிதான்டா" என்று நான் அவிழ்த்துவிட்ட பொய் வேறு. மறுநாள் லேப் வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

அன்றைக்கு வேறொரு அக்கா இருந்தார். "படுக்க வைக்காதீங்க. மடியில உட்கார வெச்சு நெஞ்சோட அணைச்சுக்கோங்க" என்றார். அப்புறம் மகளிடம், "கொஞ்சம் வலிக்கும். எந்தக் கைன்னு நீயே சொல்லு" என்றார். இடது கையை நீட்டினாள். சோப்பு நுரை ஊதும் குப்பியை வாயருகே பிடித்தேன். அழத்தான் செய்தாள், ஆனால் கையை இழுக்கவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரிடம் கேட்டு, தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பு வாங்கினோம். லிடோகைன், பிரிலோகைன் இரண்டும் கலந்தது. அவசரத்தில் இருபது நிமிடம் முன்னால் தடவினேன், பிரயோஜனமில்லை. அடுத்த நாள் சொன்னபடி ஒரு மணி நேரம் முன்பே தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டினேன். ஊசி இறங்கியதே தெரியாமல் நுரை ஊதிக்கொண்டிருந்தாள்.

பதில்:
நான் லேப்பில்தான் வேலை பார்க்கிறேன். பிளேட்லெட் பார்க்க வெறும் வயிறு தேவையே இல்லை, ஆனாலும் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கூட்டி வருகிறார்கள். தண்ணீர் குடித்து, கை வெதுவெதுப்பாக இருந்தால் நரம்பு சீக்கிரம் கிடைக்கும். இன்னொன்று, "சாப்பிடலைன்னா இந்த ஆன்ட்டி ஊசி போட்டுடுவாங்க" என்று என்னையே கைகாட்டாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு என்னிடம்தான் வரவேண்டும்!

இன்னொரு பதில்:
என் பையன் பிறந்து மூன்றாம் நாள் மஞ்சள் காமாலைக்கு ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ், "பால் குடுத்துக்கிட்டே இருங்க" என்றார். தாய்ப்பால் கொடுக்க முடியாவிட்டால் நாக்கில் சர்க்கரைக் கரைசல் சொட்டு விடுவார்களாம். "பால் குடிக்கிறப்ப குத்தினா புரையேறாதா?" என்று மாமியார் பதறினார். தடுப்பூசி போடும்போதும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2015-ல் சொல்லியிருக்கிறது என்றார் நர்ஸ். பையன் ஒரு தடவை முகம் சுளித்தான், திரும்பவும் குடிக்க ஆரம்பித்துவிட்டான். மாமியார்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.