புதுப்பிப்பு: டர்பன் சந்தைப் பக்கத்துத் தாத்தா

போன மாதம் கேட்டிருந்தேனே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விக்டோரியா தெருச் சந்தைப் பக்கம் படுத்திருக்கும் தமிழ்த் தாத்தாவை எங்கே அழைத்துப் போகலாம் என்று. நீங்கள் சொன்னபடி இமானுவேல் தேவாலயத்தை ஒட்டிய டெனிஸ் ஹர்லி மையத்துக்குப் போனோம், வீடில்லாதவர்களுக்கு உதவும் இடம். சாப்பாடு கிடைத்தது. கால் புண்ணுக்கு அங்குள்ள கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள்.

படுக்க இடம்தான் சிக்கல். பார்த்த ஒரு விடுதியில் இரவுக்கு இரவு காசு கேட்டார்கள். காசு இருந்தால் அவர் ஏன் ரோட்டில் படுக்கிறார்? 2020 ஊரடங்கில் மட்டும் மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் கார் நிறுத்துமிடத்தில்கூட ஆட்களைத் தங்கவைக்க முடிந்ததே!

முதலில் வேண்டியது ஐடி, அதாவது அடையாள அட்டை. 60 தாண்டியவர், முதியோர் உதவித்தொகை கேட்க அது வேண்டும். தொலைந்த அட்டைக்கு மாற்று எடுக்க 140 ராண்ட். ரொட்டிப் பைக்குள் நாலாக மடித்துப் பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்தார். மடிப்பில் கிழிசல், ஆனால் எண் தெரிந்தது. “இதை மட்டும் நனையவிடலே தம்பி” என்றார்.

விண்ணப்பம் போட்டாச்சு. அட்டை வரும்வரை டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் கோயில் நண்பர் ஒருவர் வீட்டுப் பின்னறையைக் கொடுத்திருக்கிறார். உள்ளே தூக்கம் வரவில்லையாம், வாசலில்தான் பாய் போடுகிறார். பகலானால் சந்தைக்கே பஸ் ஏறிவிடுகிறார்.

தாத்தாவுக்கு 9ஆம் நம்பர் செருப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.