மாலில் இருக்கும் பொம்மை எடுக்கும் மெஷின்: இது சட்டப்படி சரியா?

அண்ணாநகர்_அப்பா:
சென்னையில் ஒரு மால். கேம் ஸோன் வாசலில் வரிசையாகப் பொம்மை எடுக்கும் மெஷின்கள். கார்டைத் தேய்த்தால் ஒரு ஆட்டத்துக்கு 50 ரூபாய். என் மகள் சரியாகக் கரடியின் கழுத்தில்தான் கொக்கியை இறக்குகிறாள். தூக்கவும் செய்கிறது. உச்சிக்குப் போனதும் ‘டொக்’கென்று ஒரு குலுக்கல், விரல்கள் தளர்ந்து கரடி கீழே. போன வாரமும் இதே கதை. அங்கே நிற்கும் பையனைக் கேட்டால் “லக்கு சார்” என்கிறான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோ “உங்கள் திறமையைக் காட்டுங்கள்” என்கிறது. இரண்டில் எது உண்மை? லக்கு என்றால் இது சூதாட்டம் இல்லையா?

பழைய_மெக்கானிக்:
சார், இந்த மெஷின்களைக் கொஞ்ச காலம் சர்வீஸ் பார்த்தவன் நான். நீங்கள் பார்த்தது ரிப்பேர் இல்லை, செட்டிங்.

கொக்கிக்கு நடுவில் ஒரு கம்பிச் சுருள் (coil) இருக்கும். அதில் கரண்ட் போனால் உள்ளே இருக்கும் தண்டு மேலே இழுபடும், விரல்கள் மூடும். எவ்வளவு வோல்டேஜ் கொடுக்கிறோமோ அவ்வளவு பிடி. பல மாடல்களில் இதற்கு இரண்டு அளவு வைக்கலாம்: கீழே கவ்வும்போது பலமான பிடி, உச்சிக்கு வந்ததும் பலவீனப் பிடி. அதனால்தான் கரடி எப்போதும் அதே இடத்தில் நழுவுகிறது. மெனுவில் இன்னொரு எண்ணும் உண்டு, எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை கடைசிவரை முழுப் பிடி என்று. ஒரு கணக்குச் சொல்கிறேன். பொம்மை அடக்கவிலை 210 ரூபாய், வசூலில் 30 சதவீதம் பொம்மைக்குப் போகலாம் என்று முதலாளி நினைத்தால், 700 ரூபாய் வசூலுக்கு ஒரு பொம்மை. அதாவது 14 ஆட்டத்துக்கு ஒன்று.

பிடி எப்போதும் ஒரே அளவில் லூசாக இருந்தால்கூட நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கஷ்டமான ஆட்டம், அவ்வளவுதான். பழகினால் கை வரும். எண்ணிக்கை பார்த்துப் பிடி மாறினால்தான் சங்கடம். உங்கள் பெண் எவ்வளவு சரியாக இறக்கினாலும் அந்த 13 ஆட்டத்தில் பெரும்பாலும் பலன் இல்லை. அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போடலாம்.

கோர்ட்_பக்கம்:
சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னைக்கு 1888 நகரப் போலீஸ் சட்டம், தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-ல் வந்தது. இரண்டிலும் ‘திறமை மட்டுமே’ சார்ந்த ஆட்டத்துக்கு விலக்கு உண்டு. குதிரைப் பந்தய வழக்கில் (கே.ஆர். லட்சுமணன், 1996) சுப்ரீம் கோர்ட் அதற்கு ‘பெரும்பங்கு திறமை’ என்று பொருள் சொன்னது. நேரடியாக மெஷின் பற்றிய வழக்கு எம்.ஜே. சிவானி, 1995. கர்நாடகத்தில் வீடியோ கேம் நடத்தியவர்கள் லைசென்ஸ் வேண்டாம் என்று போனார்கள்; அரசு கட்டுப்படுத்தலாம் என்று தீர்ப்பு வந்தது. மெக்கானிக் சொல்வது போல எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது என்றால், ‘பெரும்பங்கு திறமை’ என்று வாதாடுவது லேசில்லை. ஆனால் ஒரு கரடிக்காக யாரும் வக்கீல் வைக்கப் போவதில்லை, அது மெஷின் நடத்துபவர்களுக்கும் தெரியும். உங்களுக்குக் கைக்கு எட்டும் வழி நுகர்வோர் புகார்தான்: திறமை என்று விளம்பரம் செய்துவிட்டு, முன்கூட்டியே முடிவு செய்த எண்ணிக்கையில் ஓட்டுவது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

தேக்கா_வாசி:
சிங்கப்பூரில் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்த மெஷின்களில் வைக்கும் பரிசு 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போகக்கூடாது. பிரிட்டனில் இன்னும் வெளிப்படை, இதைச் சூதாட்ட மெஷின் என்றே வகைப்படுத்திவிட்டார்கள்: ஒரு ஆட்டம் அதிகபட்சம் 1 பவுண்ட், பரிசு 50 பவுண்டுக்குள், பணமாகத் தரக்கூடாது. ஆனாலும் குழந்தைகள் ஆடலாம்! அது எனக்குப் புரியாத நியாயம்.

ஜப்பானில் 2017 கடைசியில் ஒசாகா போலீஸ் ஒரு கடை நடத்தியவர்களைக் கைதே செய்தது. ஊழியர் ஆடிக் காட்டும்போது மட்டும் சுலபமாக ஜெயிக்கும், வாடிக்கையாளர் கைக்கு வந்தால் எடுக்கவே முடியாது என்பது புகார்.

அண்ணாநகர்_அப்பா:
நன்றி எல்லோருக்கும். மெக்கானிக் அண்ணா, வெளியே நின்று பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய_மெக்கானிக்:
ஆடாமல் கொஞ்ச நேரம் நின்று அடுத்தவர் ஆடுவதைப் பாருங்கள். எல்லோருக்கும் உச்சியில்தான் நழுவுகிறது, திடீரென்று ஒருவருக்கு மட்டும் பசை ஒட்டியதுபோல் வருகிறது என்றால் எண்ணிக்கை செட்டிங்காகத்தான் இருக்கும். அப்புறம், பொம்மைகளை இடைவெளி இல்லாமல் அமுக்கி அடுக்கியிருந்தால் கிட்டேயே போகாதீர்கள், விரல் நுழையவே இடம் இருக்காது. பாப்பாவுக்கு அந்தக் கரடிதான் வேண்டும் என்றால் பாண்டி பஜாரில் பேரம் பேசி வாங்கிவிடுங்கள் சார்.