டெர்மினலில் தினமும் எந்தக் கமாண்டுகளை அதிகம் அடிக்கிறீர்கள்?

லேப்செல்வி:
வணக்கம். ஒரு பாலிடெக்னிக் கணினி லேபில் வேலை பார்க்கிறேன். எல்லா மெஷினிலும் உபுண்டு லினக்ஸ்தான். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு டெர்மினலை (கமாண்டுகளை எழுத்தில் அடித்து வேலை வாங்கும் திரை) அறிமுகம் செய்ய ஒரே ஒரு பீரியட் கொடுத்திருக்கிறார்கள். கையில் இருக்கும் புத்தகத்தில் கமாண்டுகள் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டு இருக்கின்றன. அதை ஒப்பித்துவிட்டு வந்தால் யார் மனதிலும் ஒன்றும் நிற்காது. சர்வரில் தினமும் வேலை செய்பவர்கள் நிஜமாகவே எதை அதிகம் அடிக்கிறீர்கள்? அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

குமரிடக்ஸ்:
எல்எஸ் (டைரக்டரியில் இருப்பதைப் பட்டியலிட), சிடி (வேறு டைரக்டரிக்குப் போக), கிரெப் (ஒரு சொல் உள்ள வரிகளைத் தேட), சுடோ ஏபிடி (நிர்வாகி உரிமையோடு மென்பொருள் நிறுவ), ஜிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்க). எனக்கு ஒரு நாள் வேலை இதிலேயே ஓடிவிடும். ஆனால் கமாண்டுகளுக்கு முன்னால் டேப் கீயையும் கண்ட்ரோல் ஆர்-ஐயும் காட்டிவிடுங்கள். பெயரைப் பாதி அடித்தால் டேப் முடித்துத் தரும். முன்பு அடித்த நீளமான கமாண்டை கண்ட்ரோல் ஆர் தேடிக் கொடுக்கும். இவை தெரியாமல்தான் பலர் டெர்மினல் என்றாலே பயப்படுகிறார்கள்.

நைட்ஷிப்ட்:
செல்வி மேடம், உங்கள் மெஷினையே கேட்டுப் பாருங்கள். நீங்கள் அடிப்பதையெல்லாம் பேஷ் (கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல்) எழுதி வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஹிஸ்டரி என்று அடித்து, வருவதை, வரிகளைச் சொற்களாகப் பிரிக்கும் ஆக்-குக்கு பைப் பண்ணி (ஒரு கமாண்டின் விடையை அடுத்ததற்கு நேராக அனுப்புவதுதான் பைப்) இரண்டாவது சொல்லை மட்டும் எடுங்கள் (முதலில் இருப்பது வரிசை எண்). அதை இப்படியே பைப் வழியாக சார்ட் (வரிசைப்படுத்த), அப்புறம் யூனிக் மைனஸ் சி (ஒரே வரி எத்தனை முறை என்று எண்ண), மறுபடி சார்ட் மைனஸ் ஆர்என், கடைசியில் ஹெட் (முதல் பத்து வரி மட்டும்). அதிகம் அடித்த பத்தும் எண்ணிக்கையோடு வந்துவிடும். சார்ட் ஏன் இரண்டு முறை என்று பிள்ளைகளையே கேளுங்கள். அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் யூனிக் ஒன்றாக்கும், அதனால் முதலில் வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். இரண்டாவது சார்ட் பெரிய எண்ணை மேலே கொண்டுவர. பெல் லேப்ஸில் டக் மெக்கில்ராய் விடாமல் வலியுறுத்தி, அவருடைய சக ஊழியர் கென் தாம்ப்சன் 1973-இல் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் சேர்த்த பைப் எதற்கு என்று இந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும்.

ஆனால் அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். உபுண்டுவின் வழக்கமான அமைப்பில் ஒரே கமாண்டைத் தொடர்ந்து அடித்தால் ஒரு முறைதான் பதிவாகும். முன்னால் ஸ்பேஸ் விட்டு அடித்தது பதிவே ஆகாது. சுடோ போட்டு அடித்ததெல்லாம் சுடோ கணக்கில் போய்விடும்.

அடிக்கடி அடிப்பதை வைத்து எது முக்கியம் என்று முடிவு செய்யவும் முடியாது. என் பட்டியலில் டிஎஃப் (டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டுவது) ரொம்பக் கீழே இருக்கும். ஆனால் நடுராத்திரியில் டிஸ்க் ஃபுல் என்று போன் வந்தால் முதலில் கை போவது டிஎஃப் மைனஸ் எச்-க்குத்தான். டிஸ்க்கின் எந்தப் பகுதி (பார்ட்டிஷன்) நிறைந்தது என்று தெரிந்ததும், டைரக்டரியின் அளவைக் காட்டும் டியு மைனஸ் எஸ்எச் போட்டு ஒவ்வொரு டைரக்டரியாக இறங்கிப் போவேன். பெரும்பாலும் ஏதோ ஒரு லாக் ஃபைல் (ப்ரோகிராம்கள் நடப்பதைக் குறித்து வைப்பது) வீங்கிப் போயிருக்கும். அதை ஆர்எம் போட்டு அழித்த பிறகும் டிஎஃப் அதே 100% காட்டினால் பதறக் கூடாது. அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) அதை விடும்வரை சிஸ்டத்தின் மையமான கர்னல் இடத்தைத் திருப்பித் தராது. எந்த ப்ராசஸ் என்று எல்எஸ்ஓஎஃப் காட்டும், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். சில சமயம் இடம் நிறைய இருந்தும் புது ஃபைல் உருவாகாது. அப்போது டிஎஃப் மைனஸ் ஐ அடித்துப் பாருங்கள், ஐநோடுகள் (ஃபைல் ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் பதிவுகள்) தீர்ந்திருக்கலாம்.

நானாக இருந்தால் அந்த ஒரு பீரியட் முழுக்கப் பார்க்கும் கமாண்டுகளை மட்டும் எடுப்பேன்: எல்எஸ், லெஸ் (ஃபைலைப் பக்கம் பக்கமாகப் படிக்க), டெயில் மைனஸ் எஃப் (ஃபைலின் கடைசியில் புதிதாகச் சேரும் வரிகளைப் பார்த்துக்கொண்டிருக்க), கிரெப், டிஎஃப். தான் எந்த டைரக்டரியில் நிற்கிறோம் என்று பார்க்கத் தெரியாத பிள்ளையிடம் சுடோ ஆர்எம் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

லேப்செல்வி:
ரொம்ப நன்றி சார். ஓட்டிப் பார்த்தேன். எங்கள் லேபில் சிடி முதலிடம், எல்எஸ் அடுத்து. ஒரு சந்தேகம்: விச் எல்எஸ் என்று அடித்தால் அது இருக்கும் இடம் வருகிறது. விச் சிடி என்றால் ஒன்றுமே வரவில்லை. பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

நைட்ஷிப்ட்:
நல்ல கேள்வி, வகுப்பிலேயே எழுப்புங்கள். எல்எஸ் டிஸ்க்கில் இருக்கும் தனி ப்ரோகிராம். சிடி பேஷுக்குள்ளேயே இருப்பது. தனி ப்ரோகிராமை ஓட்டும்போது அது ஷெல்லின் கீழே புது ப்ராசஸாக ஓடும். அது தன் டைரக்டரியை மாற்றிக்கொண்டாலும் ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் சிடி-யை ஷெல் தானேதான் செய்ய வேண்டியிருக்கிறது. விச்-க்குப் பதில் டைப் சிடி என்று அடிக்கச் சொல்லுங்கள், ஷெல் பில்டின் என்று பதில் வரும். ஹிஸ்டரியும் அதே வகைதான். அப்படியே சிடி மைனஸ்-ஐயும் காட்டிவிடுங்கள், கடைசியாக இருந்த டைரக்டரிக்கே திரும்பக் கொண்டுபோய் விடும்.