மறு: "ஆட்சேர்ப்பு" வேண்டாம், "ஆய்வுப் பொருத்தம்" என்போமா?

> மருத்துவ ஆய்வுகளுக்கு நோயாளிகளைச் சேர்ப்பதை "ஆட்சேர்ப்பு" என்றே வைத்துக்கொள்ளலாமே. பழகிய சொல்தானே?

ஐயா, வணக்கம்.

பழகிய சொல் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. ஆட்சேர்ப்பு என்றதும் ராணுவமும் காவல்துறையும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே ஒரு தரப்புதான் தேர்ந்தெடுக்கும்; வந்தவர் வரிசையில் நிற்பார்.

கை நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 2000இல் தொடங்கிய அறக்கட்டளை, 'ஃபாக்ஸ் டிரையல் ஃபைண்டர்' என்ற இணையச் சேவையை அமெரிக்காவில் உருவாக்கியது. வயது, ஊர், நோய் தெரியவந்த ஆண்டு, சாப்பிடும் மருந்து எல்லாம் பதிந்தால், ஒத்துவரும் ஆய்வுகளை அது காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் தேவை என்பதால் அவர்களும் பதியலாம்.

சில ஆய்வுகளுக்கு, இந்த நோயின் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கத் தரும் லெவோடோபா மாத்திரையை இன்னும் தொடங்காதவர்கள்தான் வேண்டும். தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். வேறு சிலவற்றில், மருந்தின் தாக்கம் இல்லாமல் நோயைப் பார்ப்பதற்காக, முந்தைய இரவிலிருந்து மாத்திரை எடுக்காமல் காலையில் வரச் சொல்வார்கள். சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத நிலையில் ஒருவர் எவ்வளவு தூரம் வருவார், துணைக்கு யார் வருவார்? அதையும் கேட்டுத்தானே சேர்க்க வேண்டும்?

இப்படி இரண்டு பக்கமும் பார்ப்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பொருத்தம். "ஆய்வுப் பொருத்தம் பார்த்தல்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அந்தச் சேவையை "ஆய்வுப் பொருத்தகம்" எனலாம்.

முந்தைய மடலில் ஒருவர் சொன்ன "ஆய்விணைப்பு" நல்ல சொல்தான். ஆனால் மின் இணைப்பு, எரிவாயு இணைப்பு, மடலோடு அனுப்பும் இணைப்பு என்று அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

ஜாதக வாடை அடிக்கிறது என்பீர்கள். சட்டை பொருத்தமாக இருக்கிறது என்கிறோம், அதில் ஜாதகம் இல்லையே! சரி, அந்த வாடை இருந்தாலும் எனக்குச் சம்மதமே. வரன் அமையாதபோது "பொருத்தம் இல்லை" என்று சொல்லிவிட்டால் யார் மேலும் குறையில்லை. "தகுதியற்றவர்" என்று ஒரு கடிதம் போனால்? நடுங்கும் கையால் உறையைப் பிரித்துப் படிப்பவருக்கு, நோயோடு சேர்த்து அந்தச் சொல்லையும் தர வேண்டுமா?

அப்புறம், ஆய்வில் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் விதிகளைப் "பொருந்து விதி", "பொருந்தா விதி" என்று பிரிக்கலாமா? "பொருந்தா" என்பது காதில் சற்று உறுத்துகிறது. பதிப்பகம் போலப் பொருத்தகமும் இலக்கணப்படி நிற்கும் என்றே நினைக்கிறேன்; இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்