கலைச்சொல் தேவை: வாள்வித்தையின் ‘நிதைமே’

சப்டைட்டில் குழு:
அன்பர்களே, அகிதாரோ டைச்சி இயக்கிய ‘ஜூபே-சான்’ (1999) என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 13 பகுதிகளையும் வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டும். பள்ளி மாணவி ஜியூ இதய வடிவக் கண்பட்டையை அணிந்தால் பழைய ஜப்பானிய வாள்வீரர் யக்யூ ஜூபேயின் வாள்திறன் அவளுக்கு வந்துவிடும். அவளை ‘நிதைமே’ என்கிறார்கள். பெயரையும் கலையையும் ஏற்ற இரண்டாமவர். தற்போது ‘வாரிசு’ என்று வைத்திருக்கிறோம். பெயர், வினை, ஆள், மறுப்பு நான்கும் ஒரே சொல்லிலிருந்து கிளைக்க வேண்டும், ஏனெனில் அவள் வேண்டாம் என்று மறுக்கும் வசனங்கள் நிறைய. வரிக்கு 35 எழுத்துதான் இடம்.

தமிழாசிரியர்:
‘வாரிசு’ அரபுச் சொல். பட்டினப்பாலையில் கரிகாலன் ‘வாள் கழித்து, உருகெழு தாயம் ஊழின் எய்தி’ என வருகிறது. வாளும் உரிமையும் ஒரே இடத்தில் கிடைக்க, வேறெங்கே தேட வேண்டும்? வாட்டாயம் (வாள் + தாயம்) என்போம். தாயிடமிருந்து வருவது தாயம்.

மறுமொழி:
ஐயா, கரிகாலன் எய்தியது தந்தைவழி அரசு. தாயோடு முடிச்சிடுவது பொருந்தவில்லை; வடமொழி ‘தாய’ என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதைவிட, ‘தாயம் விழுந்தது’ என்றால் பார்ப்பவருக்குச் சோழி உருட்டுவதுதான் தோன்றும்.
இன்னொரு தடை கதையிலேயே இருக்கிறது. ஜியூ ஜூபேயின் குருதி உறவு அல்லள். வரலாற்றிலும் இரண்டும் வேறு. ஜூபே 1650இல் இறந்தபோது ஆட்சிப்பகுதி தம்பி முனேஃபுயுவுக்குப் போயிற்று, அது தாயம். ஆனால் ஷின்காகே வாள்நெறியை ஜூபேயின் பாட்டன் யக்யூ முனேயோஷி கற்றது உறவினரல்லாத காமிஇசுமி நொபுத்சுனாவிடம். கலை குருவழியே வந்தது. நம் ஆதீனங்களில் அடுத்தவர் பட்டம் ஏற்பதும் அப்படித்தான். எனவே ‘பட்டமேற்பு’: பட்டமேற்றாள், பட்டத்தாள், பட்டம் துறந்தாள். பட்டம் என்பது முதலில் நெற்றியில் கட்டும் பட்டை; இங்கே கண்ணில் அணியும் பட்டை. இப்படிப் பொருந்துவது அரிது.

தமிழாசிரியர்:
‘பட்டம்’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இளையோருக்குப் பட்டம் என்றால் காற்றாடியும் பட்டமளிப்பு விழாவும்தானே?

மற்றொருவர்:
வினையோடு வந்தால் குழப்பம் தீரும். ‘பட்டம் விட்டாள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ‘துறந்தாள்’ என்றே வைக்கவும்.
இதைவிடப் பெரிய பிழை ‘யக்யூ’. ககரத்தை வல்லோசையில் படித்தால் ஜப்பானியத்தில் பேஸ்பாலைக் குறிக்கும் ‘யக்யூ’ ஆகிவிடும். உயிர்களுக்கிடையே ககரம் மெலியும் என்பதால் ‘யகியூ’ என்று எழுதுங்கள்.

மற்றொருவர்:
ஜகரத்தை நீக்கிச் ‘சூபே’ ஆக்கலாமா?

சப்டைட்டில் குழு:
வேண்டாம். சொல்முதல் சகரத்தை ‘ஜ’ என யாரும் படிக்க மாட்டார்கள், காதில் ஜூபே என்று கேட்கும்போது கண்ணும் ஒத்துப்போக வேண்டும். ‘யகியூ’ ஏற்கிறோம். பெரும்பான்மை பட்டமேற்பு என்பதால் அதையே போடுகிறோம். முதல் பகுதியில் மட்டும் ‘வாள்நெறிப் பட்டம்’ என விரித்து எழுதுவோம், பிறகு சுருக்கம்.

தமிழாசிரியர்:
நடக்கட்டும். ஆனால் கலைச்சொல் பட்டியலில் ‘தாயம்’ என்பதையும் மாற்றுச் சொல்லாகப் பதிய வேண்டும். குருதிவழி உரிமை வரும் அடுத்த தொடருக்கு ‘பட்டமேற்பு’ பொருந்தாது, அப்போது இதே விவாதத்தைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.