ஜெயலலிதா அம்மாவின் சொத்துக் குவிப்பு வழக்கு நியாயமாக நடந்ததா? எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே சண்டை

தண்டையார்பேட்டை_பொண்ணு கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், ஆர்.கே. நகர் தொகுதிக்குள். நைனா காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். அ.தி.மு.க.வில் ரொம்ப வருஷம் கிளைப் பொறுப்பில் இருந்தவர்.

2014 செப்டம்பர் 27 சனிக்கிழமை, அம்மாவுக்குச் சிறை என்று தீர்ப்பு வந்த நாள். எனக்கு அப்போது 12 வயது. மதியத்துக்கு மேல் எங்கள் தெருவில் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நைனா வாசப்படியில் உட்கார்ந்து அழுதார். எங்கள் ஆயா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் மொட்டை போட்டுக்கொண்டார். 2015 மே 11 அன்று விடுதலை என்று செய்தி வந்ததும் அதே மனிதர் கையில் லட்டுப் பெட்டியோடு தெருத் தெருவாகப் போனார். அடுத்த மாதமே எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல். அம்மா ஒன்றரை லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் தாய்மாமா தி.மு.க. ஞாயிறு மீன் குழம்புக்கு வருவார். சோறு போடும்போது ஆரம்பிக்கிற சண்டை கை கழுவும் வரை ஓடும். 2025 பிப்ரவரியில் பெங்களூரு நீதிமன்றம் அந்த வழக்கில் பறிமுதலான நகைகளைத் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைத்த பிறகு இன்னும் அதிகமாகிவிட்டது. "செத்துப்போனவங்க மேல தண்டனையே இல்ல, நகையை எடுக்க இவங்க யாரு? காவிரித் தண்ணி கொடுக்காத ஊர்ல கொண்டுபோய் கேஸை நடத்தினா அது நியாயமா?" என்பார் நைனா. "18 வருஷம் இழுத்தது யாரு?" என்பார் மாமா.

எனக்குக் கட்சி வேண்டாம். இதுதான் என் கேள்வி: ஏன் பெங்களூரு? ஒரே வழக்குக்கு மூன்று கோர்ட்டில் மூன்று மாதிரி முடிவு எப்படி? நைனா சொல்வதில் ஒன்றுகூட உண்மை இல்லையா? கோர்ட் விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கல்மண்டபம்74:

தங்கச்சி, உங்க நைனா மாதிரிதான் நானும். அந்த 27-ஆம் தேதி ராத்திரி எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் 2000-இல் தண்டனை கொடுத்தார்கள். அதைக் காட்டி 2001 செப்டம்பரில் முதல்வர் பதவி போனது. அந்த டிசம்பரிலேயே உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, 2003-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நிற்காமல் போன ஒரு தண்டனைக்காக ஒருவர் பதவியை இழந்தார். அதைப் பார்த்தவர்கள் அடுத்த வழக்கையும் சந்தேகத்தோடு பார்ப்பது தப்பா? சொத்து வழக்கு 1996-இல் ஆட்சி மாறிய கையோடு வந்தது. புகார் கொடுத்தவரும் அரசியல்வாதி, வழக்கை மாற்றச் சொல்லி மனு போட்டவரும் அரசியல்வாதி. இதையும் பேசுங்கள்.

வண்ணாரப்பேட்டை குமாஸ்தா:

பாப்பா, நான் பாரிமுனையில் 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். கட்டு தூக்குவது, நகல் மனு போடுவது, வாய்தா தேதியை டைரியில் குறிப்பது, இதுதான் என் பிழைப்பு. சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு கேஸ் எந்த இடத்தில் சாகும், எந்த இடத்தில் பிழைக்கும் என்று கண்ணால் பார்த்தவன். கல்மண்டபம் தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை. பகை இருந்ததால்தான் வழக்கு வந்தது. ஆனால் பகையாளி கேட்டாலும் கணக்கு கணக்குதான். 1991-இலிருந்து 1996 வரை வருமானத்துக்கு மேல் 66.65 கோடி சொத்து என்பது குற்றச்சாட்டு. அதற்குப் பதில் வேண்டுமே.

ஏன் பெங்களூரு என்பதற்கு முதலில் ஒரு சின்னக் கேஸைச் சொல்கிறேன்.

ரொம்ப வருஷத்துக்கு முன்பு எங்கள் பக்கத்தில் ஒரு அடிதடி. மீன் விற்கும் அம்மாவின் பையனை ஒரு உள்ளூர்ப் பிரமுகரின் ஆட்கள் கை ஒடிய அடித்தார்கள். பார்த்த சாட்சி, முனையில் இட்லி சுட்ட ஒரு ஆயா. முதல் விசாரணையில் கூண்டில் ஏறி, "இவன்தான், இவனும்தான்" என்று விரல் நீட்டிச் சொன்னது. நான் பின் பெஞ்சில் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து எதிர்த்தரப்பு 311-ஆம் பிரிவில் மனு போட்டது. சாட்சியை மறுபடி கூப்பிட வேண்டுமாம். அரசுத் தரப்பு வக்கீல் ஒரு வார்த்தை ஆட்சேபம் சொல்லவில்லை. ஆயா வந்தது. இந்தத் தடவை கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. விரல் நகங்களில் இட்லி மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. "அன்னிக்கு இருட்டு சாமி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றது. முதலில் சொன்னது என்ன ஆனது என்று அரசுத் தரப்பு கேட்க வேண்டும், பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அவர் கேஸ் கட்டை மூடிவைத்தார். அவ்வளவுதான், கேஸ் செத்தது. நீதிபதி நல்லவர். அவர் என்ன செய்வார்? முன்னால் வைக்கப்பட்டதைத்தான் அவர் பார்க்க முடியும்.

இதையே பெரிதாக்கிப் பார். சொத்து வழக்கில் 2000 ஆகஸ்டுக்குள் 250 சாட்சிகளை விசாரித்து முடித்துவிட்டார்கள். 2001 மே மாதம் ஆட்சி மாறியது. வழக்கை நடத்தும் லஞ்ச ஒழிப்புத் துறை யாருக்குக் கீழே? தமிழக அரசுக்கு. அரசுக்குத் தலைவர் யார்? வழக்கில் முதல் ஆளாகக் குற்றம் சாட்டப்பட்டவர். 2002 கடைசியில் 311 மனு போட்டு 76 சாட்சிகளை மறுபடி கூப்பிட்டார்கள். அதில் 64 பேர் முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசுத் தரப்பு அவர்களைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரிடம் கோர்ட் கேட்கும் 313-ஆம் பிரிவுக் கேள்விகளுக்குக்கூட முதலமைச்சர் நேரில் வர வேண்டாம் என்று விலக்கு கொடுத்து, வீட்டுக்கே ஆள் போய்ப் பதில் வாங்கி வந்தது.

தி.மு.க.வின் பேராசிரியர் அன்பழகன் சுப்ரீம் கோர்ட் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்கு மாறியது. அரசு வக்கீலைக் கர்நாடக அரசு, அங்கே உள்ள தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு நியமிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இங்கே உள்ள நீதிபதி கெட்டவர் என்பதற்காக மாற்றவில்லை, பாப்பா. வழக்கு தொடுப்பவரும் வழக்கில் நிற்பவரும் ஒரே ஆளாக ஆகிவிட்டார்கள் என்பதற்காக மாற்றினார்கள். காவிரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே போன பிறகு 2011-இல் அக்டோபரிலும் நவம்பரிலும் நான்கு நாள் ஜெயலலிதா அம்மாவே நேரில் வந்து 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அவர் தரப்பில் 99 சாட்சிகளை விசாரித்தார்கள். பேச வாய்ப்பே தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் 2014-இல் நீதிபதி குன்ஹா நான்கு வருஷச் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார்.

இப்போது உன் நைனா பக்கம். செத்தவர் மேல் தண்டனை இல்லை என்பதில் அவருக்கு ஆதாரம் இருக்கிறது. குன்ஹா தீர்ப்பை 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் மேல்முறையீடு நடக்கும்போதே 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா அம்மா இறந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பில் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது, அதாவது ஆள் இறந்ததால் அத்தோடு முடிந்தது என்றுதான் எழுதினார்கள். 100 கோடி அபராதத்தை வசூலிக்கக் கர்நாடகம் போட்ட மறுசீராய்வு மனுவும் தள்ளுபடி. ஆனால் கூடக் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் இதே சொத்துக்காக, இதே சதிக்காகத்தான் தண்டிக்கப்பட்டார்கள். குன்ஹா தீர்ப்பு மீண்டும் உயிர் பெற்றபோது பறிமுதல் உத்தரவும் சேர்ந்தே உயிர் பெற்றது. நகை அந்த வழியில் வந்தது.

18 வருஷம் என்பது எனக்கும் வலிக்கிறது. யார் இழுத்தார்கள் என்று உன் மாமா கேட்பது சரி, நிறைய வாய்தா எதிர்த்தரப்பு வாங்கியதுதான். அதற்காக, இத்தனை வருஷம் ஒரு வழக்கு தொங்குவதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். 1996-இல் தொடங்கியது 2003-க்குள் முடிந்திருந்தால், உயிரோடு இருக்கும்போதே கடைசித் தீர்ப்பை அவரும் கேட்டிருப்பார், உன் நைனாவும் கேட்டிருப்பார்.

எம்சி_ரோடு_கணக்கு:

குமாஸ்தா ஐயா 2015 தீர்ப்பை ஒரு வரியில் கடந்துவிட்டார். அங்கேதான் என் மனசு நிற்கிறது. நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். அந்தத் தீர்ப்பு வந்த வாரம், கடன் பட்டியல் இருந்த பக்கத்தைக் கடைக்காரப் பையன் பிரிண்ட் எடுத்து வந்தான். கால்குலேட்டரை வைத்து நானே கூட்டினேன்.

வங்கிக் கடன்கள் பத்து. கீழே போட்டிருந்த மொத்தம் 24 கோடியே 17 லட்சத்துச் சொச்சம். நான் கூட்டினால் 10 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் வருகிறது. மூன்று தரம் கூட்டினேன். முதலாளியிடம் கொடுத்து அவரையும் கூட்டச் சொன்னேன். பதின்மூன்றரைக் கோடி அதிகமாக எழுதியிருக்கிறது.

கடனும் வருமானத்தில் சேர்ந்ததால் மொத்த வருமானம் 34.76 கோடி என்று ஆகி, கணக்கில் வராத சொத்து 2.82 கோடி மட்டும் என்று வந்தது. அது 8.12 சதவீதம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டிக்க வேண்டாம் என்று பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி விடுதலை. கூட்டலைத் திருத்தினால் வருமானம் 21.26 கோடி, மிச்சம் 16.32 கோடி, அதாவது 76 சதவீதத்துக்கு மேல்.

எங்கள் கடையில் சரக்குக் கணக்கில் 40 ரூபாய் உதைத்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுவோம். வளர்ப்பு மகன் கல்யாணச் செலவு குன்ஹா தீர்ப்பில் 3 கோடி, உயர் நீதிமன்றத்தில் 28 லட்சத்துச் சொச்சம். அதையாவது மதிப்பீடு, ஆளுக்கு ஆள் மாறும் என்று விடலாம். கூட்டல் ஆளுக்கு ஆள் மாறாது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கட்சிக் கோபம் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் இரட்டை இலைதான்.

வண்ணாரப்பேட்டை குமாஸ்தா:

கணக்கு எழுதும் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒன்று சேர்க்கிறேன். கடன் கணக்கை அரசுத் தரப்பு வக்கீல் வாதத்தின்போதே பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் வாதாடிய பவானி சிங்கை நியமித்தது தமிழக அரசு. அந்த நியமனம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2015 ஏப்ரல் 27 அன்று சொன்னது. அதற்குள் வாதம் எல்லாம் முடிந்துவிட்டது. மறு விசாரணை வேண்டாம், கர்நாடகம் எழுத்தில் கொடுக்கட்டும் என்றார்கள். இரண்டே வாரத்தில் தீர்ப்பு. 2003-இல் எதற்காக வழக்கை ஊர் மாற்றினார்களோ, அதே குறை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

கல்மண்டபம்74:

கூட்டல் தப்பை நானும் அப்போதே படித்தேன். மனசு ஒப்பவில்லை, அதனால் பேசாமல் இருந்தேன். ஆனால் ஐயா, தி.மு.க.வின் ராசா, கனிமொழி மேல் இருந்த 2ஜி அலைக்கற்றை வழக்கில் 2017 டிசம்பரில் எல்லாரும் விடுதலை ஆனபோது பட்டாசு வெடித்தவர்கள், 2015-இல் நாங்கள் வெடித்ததை மட்டும் கேலி செய்தார்கள். அதுதான் ஆறவில்லை.

தண்டையார்பேட்டை_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு நைனாவுக்கும் மாமாவுக்கும் இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். கூட்டல் பகுதி வந்ததும் மாமா தொடையைத் தட்டினார். 2ஜி வந்ததும் சும்மா இருந்துவிட்டார். நைனா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மேல்முறையீடு அற்றுப்போனது என்ற இடத்தை மட்டும் இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார்.

கடைசியில் ஒன்று கேட்டார், உங்களிடம் கேட்கச் சொன்னார்: "சரி, அந்த 64 பேரும் நம்மள மாதிரி ஜனங்கதானே? ஒருத்தர் ரெண்டு பேர்னா சரி. அத்தனை பேரும் ஏன் மாத்திச் சொல்லணும்?"

வண்ணாரப்பேட்டை குமாஸ்தா:

பாப்பா, உன் நைனாவிடம் இதைச் சொல். கேஸ் முடிந்து இரண்டு வருஷம் கழித்து அந்த இட்லி ஆயாவிடம் நானும் அதையேதான் கேட்டேன். விடியற்காலை, வேறு ஆள் இல்லை. தட்டில் துணியை விரித்துக்கொண்டே, "என் பேரன் அவங்க வூட்டைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போறான்" என்றது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நாலு இட்லி வாங்கிக்கொண்டு காசைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.